ஏறாத எடை

காய்ச்சலில் படுத்து எழுந்து பட்டறைக்கு வந்தவள், காற்றை எப்போதும் ஈரமாகவே வைத்திருக்கும் ஈரப் பெட்டிக்குள் இருந்த கண்ணாடிச் சோதனைக் கிண்ணத்தைப் பார்த்ததும் கொதித்துப் போனாள். கிண்ணத்தில் கிடந்த மணிகள் எல்லாம் இளஞ்சிவப்பு. ஈரம் உறிஞ்சும் அந்த மணிகள் காய்ந்திருந்தால் நீலமாக இருக்கும். வயிறு முட்டக் குடித்தால்தான் சிவக்கும். பக்கத்தில் தினமும் குறித்துவைத்திருந்த கிண்ணத்தின் எடையோ கொஞ்சம்கூட ஏறவில்லை. அப்படியானால் போடும்போதே சிவப்பு.

அவளும் அண்ணனும் நடத்தும் பட்டறை அது. மாவுச்சத்தைக் கொண்டு, மண்ணில் மக்கிப்போகும் பொட்டலத் தாள் செய்வது அவள் வேலை, விற்பது அவன் வேலை. மாவுச்சத்துக்குத் தண்ணீர் என்றால் உயிர். அதனால்தான் களிமண் சேர்ப்பது. நன்றாக ஊறிப் பிரிந்த களிமண் சின்னஞ்சிறு தகடுகளாகத் தாள் முழுக்கப் பரவி நிற்கும். நுழையும் ஈரம் அவற்றைச் சுற்றிச் சுற்றியே ஓய்ந்துபோகும். ஊறாவிட்டால் கட்டி கட்டியாக உட்கார்ந்துகொள்ளும், ஈரம் ஹாயாக நேரே நடந்து வரும். அவள் இல்லாதபோது அண்ணன் அதை ஊறவே வைக்கவில்லை. கொதிக்கும் கூழில் அப்படியே கொட்டியிருக்கிறான். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

சோதனையும் அவனேதான், பெரிய விஞ்ஞானி. பழைய மணிகளைச் சூடேற்றிக் காயவைக்காமலே கிண்ணத்தில் போட்டு, அதன் வாயில் தாளை ஒட்டி ஈரப் பெட்டியில் வைத்து, தினமும் எடை பார்த்திருக்கிறான். குடித்து நிரம்பிய மணி மேற்கொண்டு என்னத்தைக் குடிக்கும்? ஈரமே நுழையவில்லை என்று துள்ளிக் குதித்து, குழந்தைகளுக்குப் பால்மாவு விற்கும் நிறுவனத்துக்குத் தாளை அனுப்பியும் விட்டான். வாரக் கடைசியில் அங்கே மாவு அடைக்கப் போகிறார்கள்.

தெரியாமல் செய்ததை அவள் மன்னித்திருப்பாள். மணியைக் காட்டி எல்லாம் விளக்கிய பிறகும், நிறுவனத்திடம் நிறுத்தச் சொன்னால் மானம் போய்விடும் என்று அவன் மழுப்பியபோதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் ஈரம் போகும். அதுக்குன்னு யாரு சாகப் போறா?" என்றான்.

அவள் போய், அவனுடைய குழந்தை குடிக்கும் அதே பால்மாவை வாங்கி, அந்தத் தாளிலேயே பொட்டலம் கட்டி, ஈரப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் சாயங்காலம் எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனாள். பொட்டலம் பிசுபிசுத்தது. பிரித்தால் மாவு மஞ்சளாக இறுகி, புளித்த வாடை அடித்தது. அதைச் சமையலறை மேடையில் அவன் முன்னால் வைத்தாள்.

"பாப்பாவுக்கு இதுலேர்ந்து கரைச்சுக் குடு."

உள்ளே குழந்தை பசியில் வீறிட்டது. அண்ணி பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்து நின்றாள். அவன் பொட்டலத்தைத் தாண்டி, யாரும் சொல்லாமலே, அலமாரியில் நல்ல பால்மாவு இருந்த தகர டப்பாவை எடுக்கக் கையை நீட்டினான்.

நீட்டிய கையில் அவள் போனைத் திணித்தாள்.

"இப்ப அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட பேசு."