நாலாவது சக்கரம்

வெல்டிங் செட்டை இனிமேல் என்னால் தூக்க முடியாது. இடுப்பு போய்விட்டது. டாக்டரிடம் காட்டு என்றார்கள். காட்டினால் படம் எடு என்பான், ஊசி போடு என்பான், கடைசியில் பாரம் தூக்காதே என்பான். அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். தூக்க வேண்டாம், தள்ளிக்கொண்டு போகலாம் என்று சக்கரம் வைத்து ஒரு வண்டி கட்ட ஆரம்பித்தேன். பழைய கட்டிலை அறுத்து எடுத்த ஆங்கிள், மேலே ஒரு தகடு, ராடு வைக்க ஒரு டப்பா, கேபிளைச் சுற்றி வைக்க இரண்டு கொம்பு. அவ்வளவுதான் வண்டி.

வண்டி லேத்துக்காக. லேத்து என் பெண்டாட்டிக்காக.

அன்னம்மாளுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. அடுப்பில் பால் வைத்தால் வைத்ததுதான். ஒரு நாள் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் போனவள், வீட்டுக்கு வழி தெரியாமல் பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரோ புண்ணியவான் கொண்டுவந்து விட்டான். அன்றைக்குப் பிடிவாதம் பிடித்தாள் என் மகள் தாரணி. அவள் வைட்ஃபீல்டில் இருக்கிறாள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டிடம். வீட்டோடு ஒரு நர்ஸ் வைத்து அம்மாவை அங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"நீ காலையில பட்டறைக்கு போயிடறப்பா. அம்மாவ யாரு பாக்கறது?"

"பட்டறைய விட்டுட்டு வீட்லயே இருக்கேன்."

"நீயா? உன்னால சும்மா ஒக்கார முடியுமா?"

"சும்மா யாரு ஒக்காரப் போறா? பின்னாடி ஷெட்ல லேத்து போடறேன். வேலையும் நடக்கும், அவ பக்கத்துலயும் இருப்பேன்."

"எது, அந்த துருப்பிடிச்ச எலும்புக்கூடா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "சரி. ஆயுத பூஜைக்குள்ள அது சுத்தட்டும். சுத்தலேன்னா அம்மா என்கூட வர்றாங்க. அப்ப சண்டை போடாத."

எனக்கு அவள்மேல் நம்பிக்கை இல்லை. பெற்ற மகள்தான், இருந்தாலும் இல்லை. முதலில் அம்மாவைக் கூட்டிப் போவாள், அப்புறம் என்னை, அப்புறம் இந்த வீட்டுக்கு பில்டர் வருவான். எங்கள் தெருவில் அப்படித்தான் பழைய வீடுகள் போயின. பிள்ளைகள் பாசமாகத்தான் கூட்டிப் போனார்கள். இப்போது அங்கே கார் நிறுத்தப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள்.

லேத்து, இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற மிஷின், பீன்யாவில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து வந்தது. காயலான்காரன் சம்மட்டியால் உடைக்க நிறுத்தி வைத்திருந்தான். எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துருவை எடுத்தேன். அது பெரிய வேலை இல்லை. பெட்டுதான் வேலை. லேத்தின் நீளமான முதுகு அது. அதன் மேல்தான் எல்லாம் நகரும். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்குக்குப் பக்கத்தில் தேய்ந்து குழிந்திருந்தது. நேரான இரும்புப் பட்டையில் நீலச் சாயம் தடவி அதன்மேல் வைத்துத் தேய்த்தால், மேடு எங்கே இருக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். ஒட்டின இடத்தை மட்டும் உளியால் தலைமுடியை விட மெல்லிசாகச் சுரண்ட வேண்டும். மறுபடி சாயம், மறுபடி தேய்ப்பு, மறுபடி சுரண்டல். கோடை முழுக்க அதுதான் செய்தேன். அன்னம்மாள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னாங்க, இதுக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். சற்று நேரம் கழித்து அதையே கேட்பாள். அதற்கும் ஆமாம் என்பேன்.

முடித்துவிட்டேன். எண்ணெய் பூசி, அவளுடைய பழைய புடவை ஒன்றால் மூடி வைத்தேன். பாக்கி இருந்தது அடியில் நிற்கும் ஸ்டாண்டு. அதை லேத்து நிற்கிற இடத்திலேயே வைத்துப் பற்றவைக்க வேண்டும். வெல்டிங் செட்டோ சமையலறைக் கதவுக்கு வெளியே, குழாய்ப் பக்கம். ஷெட்டு கோடியில். கேபிள் எட்டாது. அதனால்தான் வண்டி.

பூஜைக்கு முந்தின நாள் காலையில் அன்னம்மாள் நன்றாக இருந்தாள். அவளே காப்பி போட்டாள், சர்க்கரையும் சரியாக இருந்தது.

"நாளைக்கு பூஜைதானே? மிஷினெல்லாம் தொடைக்கணுமே."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிழமை மறந்தவளுக்குப் பண்டிகை ஞாபகம் இருக்கிறது. வருஷா வருஷம் என் சாமான்களை அவள்தான் துடைப்பாள். மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை, கடைசியில் எண்ணெய். இரும்பில் தண்ணீர் படக்கூடாது என்று நான் அவளுக்குச் சொன்னதே இல்லை, அவளுக்கே தெரியும்.

"தொடைக்கலாம், தொடைக்கலாம்" என்றேன். "சாயங்காலம் ரெண்டு பேரும் தொடைக்கலாம்."

வண்டிக்கு மூன்று சக்கரம் பற்றவைத்துவிட்டேன். நாலாவது சுற்றவில்லை. உள்ளே பேரிங் குண்டு உடைந்திருந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். எனக்கு வந்த கோபத்தில், ராடைக் கவ்வுகிற ஹோல்டரை அப்படியே வண்டித் தகட்டின்மேல் ஒரு பலகையில் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, சக்கரத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பக்கத்து வீட்டு ஆஞ்சலா டீச்சர் கேட்டுக்கு வெளியே கோலப்பொடி வாங்கிக்கொண்டிருந்தார். சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனாலும் வாசலில் கோலம் போடுவார்.

"எங்கண்ணா இவ்ளோ அவசரம்? அக்காவ நான் பாத்துக்கட்டுமா?"

"வேணாம் டீச்சர். தூங்கறா."

தூங்கவில்லை. அந்தம்மாவை உள்ளே விட்டால் எங்கள் வீட்டு விஷயம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் இருக்கும். தெருக்கதவை வெளியே பூட்டினேன். வழக்கமாகப் பூட்டுகிற பூட்டுதான்.

சிவாஜிநகர் போனேன். கடைக்காரன் என்னைப் பார்த்ததும் சிரித்தான். சித்தப்பா முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"ஆவோ சாச்சா. மறுபடியா?"

"உன் சக்கரம் சுத்தல. அதுக்குத்தான் வந்தேன்."

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மால், சாச்சா. நீங்க ஜாஸ்தி வெயிட் வெச்சிருப்பீங்க."

"வெயிட் வெக்கவே இல்லய்யா, அதுக்குள்ளயே செத்துப்போச்சு."

அவன் வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். நான் அவன் கொடுத்ததை வாங்குவேனா? மூட்டையைக் கவிழ்க்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்தேன். "சாச்சா, பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டான்" என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று பார்த்தேன். பூசணிக்காயும் வாழைக்கன்றும் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. திரும்பிவர பஸ் நகரவே இல்லை.

பூட்டைத் திறந்தபோது பின்பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம். அதற்கு அடியில் வேறு ஒரு சத்தம், ம்ம்ம் என்று. அதை நான் நாற்பது வருஷமாகக் கேட்டிருக்கிறேன். செட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நான் போட்டது. காலையில் போட்டது. அணைக்காமல் போயிருக்கிறேன்.

ஓடினேன். முற்றம் முழுக்கத் தண்ணீர். குழாயைத் திறந்து விட்டிருந்தாள். அன்னம்மாள் அதில் வெறுங்காலோடு, புடவை முழங்கால்வரை நனைந்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு கையில் புளி. இன்னொரு கையில் ஹோல்டர். அதன் பித்தளை வாயைத் தேய்க்கப் பார்க்கிறாள், கை உதறிக்கொள்கிறது, மறுபடி பிடிக்கிறாள்.

"இன்னாங்க, இது கடிக்குது" என்றாள்.

மெயினை இறக்கினேன். அவள் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டோம். நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. ஆஞ்சலா டீச்சர் திறந்திருந்த தெருக்கதவு வழியாக ஓடிவந்தார்.

"ஐயோ அக்கா! கைய காட்டுங்க. அண்ணா, எழுந்திருங்க, தண்ணியில ஒக்காராதீங்க."

உள்ளங்கையில் இரண்டு இடத்தில் வெள்ளையாகப் பொசுங்கியிருந்தது. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து ரத்தம். அது கரண்டால் வந்தது இல்லை. அப்போதுதான் ஷெட்டைப் பார்த்தேன். புடவையை மடித்து ஓரமாக வைத்திருந்தாள். பெட்டை முழுக்கப் புளி போட்டு, பாத்திரப் பவுடர் போட்டு, குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி தேய்த்திருந்தாள். சுரண்டின இரும்பின் முனை விரலை அறுத்திருக்கிறது, அவள் விடவில்லை. நீலமும் எண்ணெயும் போய், மேலே துருவின் பழுப்புத் தண்ணீர் நின்றது. தொட்டேன். நறநறவென்றது.

"பளபளன்னு இருக்கில்ல?" என்றாள் அன்னம்மாள்.

"இருக்கு" என்றேன்.

டீச்சர் தாரணிக்குப் போன் பண்ணிவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பண்ணிவிட்டார்.

தாரணி வந்து சேர வெயில் இறங்கிவிட்டது. வந்ததும் அம்மா கையைப் பார்த்தாள், டீச்சர் போட்டிருந்த மருந்தைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள். அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"வெளிய பூட்டிட்டு போனியா?"

"பூட்டலேன்னா ரோட்டுக்கு போயிடுவா."

"டீச்சர் கேட்டாங்களாமே, நான் பாத்துக்கறேன்னு. அம்மா தூங்கறாங்கன்னு சொன்னியாமே."

நான் டீச்சரை முறைத்தேன்.

"சரி. இந்த மிஷின் எப்படிப்பா ஆன் ஆச்சு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குள் கணக்கு ஓடியது. நான்தான் என்று சொன்னால் என்ன ஆகும்? அப்பாவுக்கும் போயிடுச்சு என்பாள். ஷெட்டைப் பூட்டுவாள். இரண்டு பேரையும் காரில் ஏற்றுவாள். வீடு காலி. அவள் இதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று தோன்றியது.

"நான் அணைச்சிட்டுத்தான் போனேன்" என்றேன். "இவதான் போட்டிருக்கா."

அன்னம்மாள் மறுப்பாள் என்றுகூட ஒரு நிமிஷம் பயந்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"ஆமா தாரணி, நான்தான் போட்டேன். உங்கப்பா அதெல்லாம் மறக்கமாட்டாரு."

தாரணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது முடிவு பண்ணியிருந்தாள்.

"இன்னிக்கே கூட்டிட்டு போறேன்."

"நாளைக்கு பூஜை. பூஜை முடியட்டும்னுதானே பேச்சு?"

"எப்பா, இவங்க வழி மறந்தாங்க, பால மறந்தாங்க, சரின்னு இருந்தேன். இப்ப கரண்டு மிஷின தானா போடறாங்க. இனிமே ஒரு ராத்திரிகூட இங்க விடமுடியாது. இது மட்டும் இல்லேன்னா நான் இன்னும் கொஞ்ச நாள் யோசிச்சிருப்பேன்."

இது மட்டும் இல்லேன்னா. அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் பீரோவைத் திறந்து புடவைகளை எடுத்தாள். என் சட்டை ஒன்றைக்கூடத் தொடவில்லை. என்னை அவள் கூப்பிடவும் இல்லை. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் மாத்திரை எங்கே, கண்ணாடி எங்கே, அவ்வளவுதான் கேட்டாள். நான் பயந்தது எதுவும் அங்கே இல்லை.

"தாரணி" என்றேன். "சுவிட்சு நான்தான் போட்டேன். போட்டுட்டு அணைக்காம போயிட்டேன்."

அவள் கையில் உள்பாவாடையோடு திரும்பினாள். முகம் கொஞ்சம் இளகியது. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

"வேணாம்பா. இப்ப அம்மாவுக்காக பழிய நீ தூக்கிக்காத."

"பழி இல்லடி. நெசம். அந்த நாலாவது சக்கரம் சுத்தல, கோவத்துல எழுந்து போயிட்டேன். பொய் சொன்னேன் உன்கிட்ட."

"அண்ணாவுக்கு மனசு கேக்கல" என்றார் டீச்சர், மெல்ல.

"நீங்க சும்மா இருங்க!" என்று கத்தினேன். "சத்தியமா நான்தான். இவளுக்கு மெயின் எங்க இருக்குன்னே தெரியாது. வந்து பாரு, அவளுக்கு கைகூட எட்டாது."

தாரணி வந்து என் தோளில் கை வைத்தாள். அவள் கை வைத்து வருஷக்கணக்கு ஆகிறது. "சரிப்பா" என்றாள். "சரி. நீதான் போட்ட." காய்ச்சல் வந்த பிள்ளையிடம் பேசுகிற குரல். பிறகு டீச்சரைப் பார்த்து, "அப்பாவ கொஞ்சம் ஒக்கார வைங்க ஆன்ட்டி" என்றாள்.

டாக்ஸி வந்து நின்றது. டிரைவர் "பேக பன்னி மேடம், டிராஃபிக் ஜாஸ்தி" என்று அவசரப்படுத்தினான். அன்னம்மாள் புதுப்புடவை கட்டி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி பின் சீட்டில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள்.

"சொல்லு அன்னம்மா. நீ போடலன்னு சொல்லு அவகிட்ட."

என்னை நன்றாகப் பார்த்தாள். தெரிந்துதான் பார்த்தாள்.

"நீங்க போங்க. தண்ணியில நிக்காதீங்க" என்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, "உங்கப்பா வரமாட்டாரு, அவருக்கு லேத்து வேலை இருக்கு. போலாம்" என்றாள்.

டாக்ஸி கிளம்பியது. தெருமுனையில் பூசணிக்காய் வண்டி குறுக்கே நின்றதால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். பிடித்து என்ன சொல்வது? சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாயிற்று.