எதிர் வீட்டுக்காரியின் சட்டை

அந்த நாட்டுக்கு வந்து நாற்பது நாளாகியும் அவள் தனியாகத் தெருவில் இறங்கியதில்லை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் வேலைக்குப் போனபின் அவளும் நாலு வயது மகளும் ஜன்னலே கதியென்று உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று அவன் கிளம்பிய ஐந்தாவது நிமிடம் பெல் அடித்தது. கதவுத் துளை வழியாகப் பார்த்தாள். வாட்டசாட்டமான எதிர் வீட்டுப் பெண். கையில் இவள் கணவனின் நீல யூனிஃபார்ம் சட்டை!

தூக்கிவாரிப்போட்டது. உடனே போன் போட்டாள்.

"ஏங்க, எதிர் வீட்டுக்காரி உங்க சட்டையோட வாசல்ல நிக்கிறா. என்ன நடக்குது?"

"சட்டையை நான்தானே போட்டிருக்கேன்?" என்றவன் குனிந்து பார்த்திருக்க வேண்டும். "ஐயையோ, இதுவும் நீலம்தான், ஆனா பஸ் படம் போட்டிருக்கு! அதான் ஸ்டாப்புல எல்லாரும் என்கிட்டயே பஸ் எப்ப வரும்னு கேக்குறாங்க. தொளதொளன்னு இருக்கவும், இங்க வந்து இளைச்சுட்டேன்னு நினைச்சேன்."

முந்தின நாள் கீழ்த்தளத்துப் பொது வாஷிங் மெஷினில் துவைத்துவிட்டுச் சட்டையை மாற்றி எடுத்து வந்தது இவள்தான். கதவைத் திறந்தாள். வந்தவள் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டி, கைக்கடிகாரத்தைத் தட்டினாள். பாஷை தெரியாவிட்டாலும் விஷயம் விளங்கியது. பஸ் டிரைவர், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

"அங்கேயே நில்லுங்க!" என்று போனில் கத்திவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் மூச்சிரைக்க டிரைவரம்மா.

ஸ்டாப்பில் கணவன் நெளிந்துகொண்டே சட்டையைக் கழற்றி, பனியனோடு நின்றான். வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"மானமே போச்சு" என்றான்.

"போனா போகட்டும். இங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

"இனிமே எல்லாருக்கும் தெரியும்!"

அதற்குள் பஸ் வந்தது. அதை ஓட்டிவந்தவர் இறங்க, டிரைவரம்மா சீட்டில் ஏறி உட்கார்ந்து, இவளையும் வாவென்று கையசைத்தாள்.

"ஏறட்டுமா?" என்று கணவனைக் கேட்பதற்குள் மகள் ஏறிவிட்டாள்.

முன் சீட்டிலிருந்தே இவள் ஊரைப் பார்த்தாள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் டிரைவரம்மா வெளியே கைகாட்டி ஒரு பெயர் சொன்னாள்: பள்ளிக்கூடம், மார்க்கெட், பூங்கா. இவள் திருப்பிச் சொன்னாள். தப்பாகச் சொன்னபோதெல்லாம் மகள் திருத்தினாள்.

சாயங்காலம் கணவன் ஆச்சரியத்தோடு கேட்டான்: "ஊரையே சுத்திட்டு வந்தியாமே?"

"ஆமா. நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போறேன். என்னென்ன வாங்கணும்னு சொல்லுங்க."