ஒரே கட்டில் இரண்டு பெரணிகள்

திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம், திருப்பதியில் வேலை பார்த்த தமிழர்களில் பலர் மூட்டை கட்டிவிட்டார்கள். கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தந்த தாட்சாயணி போகவில்லை. அழைத்துப்போகத் திருத்தணியிலிருந்து அண்ணன் திருவேங்கடமே வந்தான்.

"நைனாவும் செத்துப் பூட்டாரு. ஒத்தையா இங்க என்னா பண்ணிக்கினு இருக்கப் போற?"

மலைச்சரிவில் ஒரு பெரணி இருக்கிறது, மழை ஓய்ந்தால்தான் அதன் வித்துத்தூள் முற்றும், அதுவரை இருக்கிறேன் என்றாள். ஒரு செடிக்காகவா என்று கேட்டுவிட்டு அவன் ரயிலேறினான்.

அந்தப் பெரணியின் உலர்த்திய இலைகளைக் கல்லூரியில் ஒரே இனமென்று ஒரே கட்டில் வைத்திருந்தார்கள். அது இரண்டு இனம் என்று அவளுக்குச் சந்தேகம். இலையைப் பார்த்துப் பிரிக்க முடியவில்லை; இலையின் முதுகில் இருக்கும் பழுப்புப் புள்ளிகள் வெடித்து உதிர்க்கும் தூள்தான் சொல்லவேண்டும்.

தனக்கு மட்டும் உலை வைத்துக்கொண்டு அவள் மழைக்காலத்தைக் கழித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறக்கவே வேலையில்லை.

மார்கழியில் மலையேறி இலைகளைப் பறித்து வந்து காகிதத்தில் மடித்து வைத்தாள். உதிர்ந்த தூளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ஒன்றின் தூள் அவரைக்கொட்டை வடிவம், நடுவில் ஒற்றைக் கீறல். மற்றதன் தூள் முக்கோணம். மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூடின. கை தவறிக் கலந்துவிட்டோமோ என்று வேறு இலைகளை எடுத்துப் பார்த்தாள். அதேதான்.

துறைத்தலைவர் கங்கையாவும் குனிந்து பார்த்தார். சரியே என்று தெலுங்கில் பாராட்டினார், இலைக்கட்டை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார், மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டார். இதை யாரிடமாவது தமிழில் சொல்லவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

ஞாயிறன்று திருத்தணிக்குப் போனாள். அண்ணன் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். ஈரமண்ணில் குச்சியால் இரண்டு வடிவங்களையும் வரைந்து காட்டினாள். அவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

"இந்த மாதிரி பிரிக்கறதுக்கு இன்னும் எவ்ளோ இருக்குது?"

"நெறைய இருக்குதுண்ணா."

அவள் திரும்பி வரப்போவதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"சரி. துன்னுட்டுப் போ. சாயங்கால வண்டிக்கு நான் வந்து ஏத்திவுடறேன்."

சொன்னபடியே வந்தான். வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரேணிகுண்டாவில் மாறி ஏறிய வண்டியில், எதிரே இருந்த பெண் எந்த ஊருக்கு என்று தெலுங்கில் கேட்டாள். திருப்பதிக்கு என்று தாட்சாயணி தெலுங்கிலேயே சொன்னாள். அதன்பிறகு ஊர் வந்து சேரும்வரை யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.