ஹேஷ் குறியைத் தின்ற பக்கம்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் அந்தக் கம்பெனியில், செவ்வாய்க்கிழமை காலை, லேபிள் கம்ப்யூட்டரிலிருந்த மூன்று நாள் பேட்ச் விவரம் மொத்தமும் அழிந்துபோனது. அழித்தது பொன்மணி. மகாராஜபுரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்.

லேபிள் பிரிண்டர் நின்றதும் கம்பெனி விக்கியைத் திறந்து, அதிலிருந்த கட்டளைகளை வரிசையாக அடித்திருக்கிறாள். எந்த மெஷின் நின்றால் என்ன செய்யவேண்டும் என்று ஆளாளுக்கு எழுதி வைக்கிற பக்கங்கள்தான் அந்த விக்கி.

மேனேஜர் சௌந்தரபாண்டியன் அவள் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார்.

"கவனக்குறைவால அழிச்சிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. பொறவு வீட்டுக்குப் போ."

"விக்கிப் பக்கத்துல இருந்ததத்தான் சார் அடிச்சேன்."

"அந்தப் பக்கம் நான் எழுதுனது. தப்பா இருக்காது."

விக்கியைப் பார்த்துக்கொள்வது சத்யப்பிரியா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, கம்ப்யூட்டர் செக்ஷன். பேச்சு காதில் விழுந்ததும் அந்தப் பக்கம் முதலில் எழுதப்பட்டது எப்படி என்று, திருத்தும் பெட்டியில் திறந்து பார்த்தாள். அழிக்கும் வரிக்கு முன்னால் '#' என்று ஒரு ஹேஷ் குறி இருந்தது. ஹேஷ் போட்ட வரியைக் கம்ப்யூட்டர் செய்யாது. பழைய கட்டளை, வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தது. ஆனால் வரியின் தொடக்கத்தில் ஹேஷைக் கண்டால் விக்கி அதை எடுத்துவிட்டு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுவிடும். வெளியே தெரிந்த பக்கத்தில் ஹேஷ் இல்லை. 'ஒன்று' என்ற நம்பருடன் அழிக்கச் சொல்லும் கட்டளை, மற்ற வரிகளைப் போலவே கறுப்பாக நின்றது.

மேனேஜரைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினாள்.

"கட்டளைய உள்ளபடியே கலர் பிரிச்சுக் காட்டுததுக்கு, விக்கியோட சேக்குத பிளகின் ஒண்ணு இருக்கு சார். போட்டுட்டா இது நடக்காது."

"சர்வர்ல புதுசா ஒண்ணும் போடக்கூடாது. அவ தப்ப மறைக்க வழி தேடுதியா?"

"நான் போடத்தான் போறேன் சார்."

அவர் நிற்கும்போதே பிளகினை இறக்கி, செட்டிங்கில் ஒரு வரி சேர்த்தாள். விக்கி மொத்தமும் வெள்ளையாகிவிட்டது. "பாத்தியா!" என்றார் அவர். அவள் செட்டிங்கைத் திரும்பப் பார்த்தாள். வரியின் கடைசியில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. போட்டாள். விக்கி திரும்பி வந்தது. பக்கத்தில் கட்டளைகளுக்கு முன்னும் பின்னும், இது கட்டளை என்று விக்கிக்குத் தெரிய அடையாளம் வைத்தாள். உடனே கட்டளைகள் நீலத்திலும் ஃபைல் பேர்கள் சிவப்பிலும் வந்தன. ஹேஷ் போட்ட வரி சாம்பல் நிறத்தில் தனியாக ஒதுங்கியது.

"எடு அத."

"எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்க எடுங்க. யாரு எடுத்தான்னு பக்கத்துல பேரோட பதிஞ்சிரும்."

அவர் மவுஸைத் தொடவில்லை. முதலாளிக்குப் போன் போட்டார்.

முதலாளி காசிராஜன் வருவதற்குள் சத்யப்பிரியா முப்பத்தேழு பக்கங்களைத் திருத்தியிருந்தாள். இன்னும் நாலு இடத்தில் விக்கி ஹேஷைத் தின்றிருந்தது. பழையதையும் புதியதையும் அவரிடம் காட்டினாள். அவர் பொன்மணியைக் கூப்பிட்டார்.

"இப்ப எத அடிப்ப?"

"சாம்பல் கலர்ல இருக்கத அடிக்க மாட்டேன் முதலாளி. காலைலயே இப்படி இருந்திருந்தா அப்பவும் அடிச்சிருக்க மாட்டேன்." வெள்ளைத்தாளை அவர் மேஜையில் வைத்தாள். "இதுல நான் ஒண்ணும் எழுதப் போறதில்ல."

முதலாளி அந்த வெள்ளைத்தாளை ஓரமாகத் தள்ளினார்.

"நீ ஷிப்டுக்குப் போம்மா. கலர் இருக்கட்டும்." சத்யப்பிரியா பக்கம் திரும்பினார். "ஆனா மேனேஜர் வேண்டாம்னு சொல்லியும் செஞ்சிருக்க. மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு."

"நடந்தத எழுதித் தாரேன் முதலாளி. மன்னிப்புன்னு எழுத மாட்டேன்."

"அப்ப மெமோ வரும்."

"வரட்டும்."

சாயங்காலமே வந்தது. 'பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, முப்பத்தெட்டாவது பக்கத்தைத் திறந்தாள்.