'தூ' என்றால் 'நீ'

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை எழுத வேண்டும் என்ற யோசனை என்னுடையது அல்ல. பெங்களூரில் எங்கள் கல்லூரித் தேர்வுக்கூட வாசலில் கடைசித் தாளைக் கொடுத்துவிட்டு, விரலெல்லாம் மையாக நின்றபோது வெள்ளையம்மாதான் சொன்னாள்: "இதையெல்லாம் யாராவது எழுதி வைக்கணும்டி." சென்னம்மா உடனே, "எழுதட்டும். ஆனா எங்கிட்ட காட்டாம அச்சுக்குப் போவக் கூடாது" என்றாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆக, எழுதுபவள் சரோஜம்மாள் ஆகிய நான். ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரி கால்நடைப் பண்ணையில் கம்பவுண்டராக இருப்பவரின் மகள். வீட்டில் பேசுவது கன்னடம். தமிழ், பள்ளிக்கூடத்தில் வந்தது. இப்போது 1958, ஏப்ரல். நாங்கள் பி.ஏ. தேர்வை முடித்துவிட்டோம். அதுவும் கிரேக்கத்திலும் லத்தீனிலும்! இந்த வாக்கியத்தை எழுதும்போதே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தொடக்கம் ஒன்று:

"கிழக்கு வெளுக்கும் நேரம். உத்தனப்பள்ளிக் கேழ்வரகுக் கொல்லையின் மேல் பனி படர்ந்து—"

(அடித்துவிட்டேன். நடந்தது ஜூன் மாதம். பனி ஏது?)

தொடக்கம் இரண்டு:

"பண்டைய கிரேக்கரின் பெருமைகளை ஆராயுமிடத்து—"

(இது தேர்வுத் தாளின் மிச்சம். கை இன்னும் நிற்கவில்லை.)

தொடக்கம் மூன்று. இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

"மூன்று பேர் இல்லாமல் வகுப்பு கிடையாது" என்றார் கல்லூரி முதல்வர்.

2

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பாடத்துக்கு விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர். வெள்ளையம்மாவும் நானும். வெள்ளையம்மா உத்தனப்பள்ளியில் பெரிய பண்ணையம் செய்கிற எல்லப்பனின் மகள். இன்டர்மீடியட்டில் எங்கள் இருவருக்கும் இரண்டாம் மொழி லத்தீன். வேறு எதிலும் இடம் இல்லாததால் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்ட இடத்தில் நாங்கள் ஒட்டிக்கொண்டோம். ஒரு வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வந்து எல்லாவற்றையும் விளங்கவைக்கும்போது, "நம்ம ஊர் மாதிரியே இருக்குதே!" என்று வெள்ளையம்மா பெஞ்சைத் தட்டுவாள்.

முதல்வர் பத்து நாள் தவணை கொடுத்தார். கிரேக்கத்தையும் லத்தீனையும் முதல் எழுத்திலிருந்து கற்றுக்கொடுப்பார்கள், புதிதாக வருகிறவளும் சேரலாம். ஆனால் இன்டர்மீடியட் முடித்த ஒரு பெண் வேண்டும். பெங்களூரில் கேட்டுப் பார்த்தோம். சிரித்தார்கள்.

"எங்க ஊர்ல ஒருத்தி இருக்கறா" என்றாள் வெள்ளையம்மா, ஓசூர் பஸ்ஸில். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஒருத்தி சென்னம்மா. எல்லப்பனின் நிலத்தில் வேலை செய்கிற ஆஞ்சப்பனின் மகள். அரசாங்க உதவித்தொகையில், சேலத்தில் விடுதியில் தங்கி இன்டர்மீடியட் முடித்தவள். தருமபுரியில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயம்.*

* இந்த இடத்தில் வாசகர் கேட்பார்: அப்படிப்பட்டவளை ஏன் கலைக்கப் போனீர்கள்? எங்களுக்கு அது தோன்றவே இல்லை. எங்களுக்கு மூன்றாவது ஆள் வேண்டும், அவ்வளவுதான். உண்மையை எழுதச் சொன்னது சென்னம்மா.

3

ஊருக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டி ஆஞ்சப்பன் வீடு. சென்னம்மா வாசலில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மா அந்தத் தெருவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சென்னம்மா சட்டென்று எழுந்துவிட்டாள்.

"சின்னம்மா, இங்கியா வந்தீங்க? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பனே."

"கேக்க வந்தவ நானு. நான்தான் வரணும்."

விஷயத்தைச் சொன்னோம். இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். சென்னம்மா கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அத படிச்சா என்னா வேல கெடைக்கும்?"

நான் இரண்டு மூன்று பொய்களைத் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் வெள்ளையம்மா, "ஒரு வேலையும் கெடைக்காது" என்றாள்.

"பின்ன எதுக்கு ஆவும்?"

"ஒண்ணுத்துக்கும் ஆவாது."

போச்சு என்று நினைத்தேன். சென்னம்மாவின் கை கடலையில் அப்படியே நின்றது.

"எங்க வூட்ல ஒண்ணுத்துக்கும் ஆவாத காரியத்த இதுவரைக்கும் யாருமே செஞ்சதில்ல" என்றாள். "எங்கப்பன் கையி, எங்கம்மா முதுவு, நான் படிச்ச படிப்பு, எல்லாம் யாருக்காவது ஆவணும். சும்மா ஆசைக்கின்னு படிக்கறது எப்பிடி இருக்கும்?"

"பைத்தியம் புடிச்ச மாதிரி இருக்கும்" என்றாள் வெள்ளையம்மா. அவள் கண்கள் பளபளத்தன. "இங்க பாரு. லத்தீன்ல 'தூ'ன்னா 'நீ'ன்னு அர்த்தம். ராசாவா இருந்தாலும் தூ. அடிமையா இருந்தாலும் தூ. வாங்க போங்க எதுவும் கெடையாது."

"நேரா மூஞ்சிய பாத்து 'தூ'ன்னு சொல்லலாமா?"

"அப்பிடித்தான் சொல்லணும்."

சென்னம்மா உதட்டில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் துடைத்தாள். நிமிர்ந்து, எல்லப்பனின் மகளை நேராகப் பார்த்து, முழு மூச்சில் சொன்னாள்:

"தூ!"

ஆடு கட்டிக்கொண்டிருந்த ஆஞ்சப்பன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அடிப்பாவி, என்னாடி பண்ற! அய்யா வூட்டுப் பொண்ண பாத்து!"

"பாடம்ப்பா, பாடம்!" என்று வெள்ளையம்மா கத்தினாள். நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் கடலை முறம் கவிழ்ந்தது. ஆஞ்சப்பன் சிரிக்கவில்லை. கீழே சிந்திய விதையைப் பொறுக்கிக்கொண்டே மகளிடம், "இவ்ளோ தூரம் வந்து கேக்குது. போயேன் தாயி" என்றார்.

"அது கேக்குதுன்னு போவ மாட்டேன். எனக்கா தோணுனாத்தான் போவேன்" என்ற சென்னம்மா, வெள்ளையம்மாவின் பக்கம் திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் 'சின்னம்மா' என்று சொல்லவே இல்லை. "எனக்குத் தோணிடுச்சு. ஆனா ஒண்ணு. பெங்களூர்ல ஒரே ரூம்புல இருப்ப, ஒண்ணா சாப்புடுவ. லீவுக்கு பஸ்ஸ விட்டு எறங்குனதும் நான் யாருன்னே தெரியாதும்ப. அதனால இப்பவே, என் எதுருல, உங்கப்பாகிட்ட சொல்லு."

(முதல் பிரதியில் இங்கே சென்னம்மா அழுவதாக எழுதியிருந்தேன். கதைக்கு நன்றாக இருந்தது. அவள் படித்துவிட்டுக் குறுக்கே கோடு போட்டாள். "நான் எங்க அழுதேன்? நீதான் அழுத." உண்மை.)

4

எல்லப்பனை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

"மீசையை முறுக்கிக்கொண்டு எல்லப்பன் உறுமி—"

(அவருக்கு மீசை கிடையாது.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். நாங்கள் போனபோது அவர் சாப்பிட்டு முடித்திருந்தார். ஆஞ்சப்பனும் மகளும் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் ஈரக் கையோடு படி இறங்கி வெளியே வந்தார். முற்றத்தில் அவிழ்த்து விட்டிருந்த மாட்டுவண்டியின் நுகத்தடி தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தார்.

"உக்காருங்க" என்றார், யாரையும் பார்க்காமல்.

எங்கே உட்காருவது? வெள்ளையம்மாவும் நானும் திருதிருவென்று விழித்தோம். சென்னம்மா போய் அதே நுகத்தடியின் மறுமுனையில் உட்கார்ந்தாள். ஆஞ்சப்பன் மாடுகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

வெள்ளையம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"என்னா பாஷை அது? கன்னடமா?" என்றார் எல்லப்பன்.

"இல்லப்பா."

"தெலுங்கா?"

"இல்ல."

"தமிழும் இல்லியா?"

"இல்லப்பா."

"அப்பாடா" என்றார்.

சிரிக்காதீர்கள். மாநில எல்லை எங்கே போகும், ஓசூர் யாருக்குச் சேரும் என்று பஸ் நிலையத்தில் மூன்று மொழியிலும் துண்டுக் காகிதம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

"அந்தப் பாஷைக்காரன் யாரும் ஓசூர் எனக்குத்தான்னு வந்துர மாட்டானே?"

"அவங்க செத்தே ரெண்டாயிரம் வருசம் ஆவுதுப்பா."

"அப்ப படி."

"அப்பா, சென்னம்மாவும் நானும் ஒரே ரூம்புல இருப்போம். ஒண்ணாதான் சாப்புடுவோம். ஒண்ணாதான் ஊருக்கு வருவோம்." ஒரே மூச்சில் சொன்னாள்.

எல்லப்பன் கையில் இருந்த ஈரத்தை வேட்டியில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"இது வரலேன்னா?"

"வகுப்பே கெடையாது."

"ஆக, இது போனாத்தான் நீ போவ முடியும்."

"ஆமாப்பா."

அவர் ஆஞ்சப்பனைப் பார்த்தார். ஆஞ்சப்பன் திரும்பவில்லை. வேறு வழியில்லாமல், ஒரே மரத்தின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டார்.

"நீ என்னம்மா சொல்ற?"

"போறேங்க" என்றாள் சென்னம்மா. "அவ எங்கூட வர்றதா இருந்தா."

'அவ.' ஆஞ்சப்பனின் முதுகு விறைத்ததைப் பார்த்தேன். எல்லப்பன் நுகத்தடியில் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "போங்க. ரெண்டு பேரும் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் ஏரிக்கரை வரைக்கும் ஓடினோம். எதற்கு ஓடினோம் என்று தெரியாது.

5

இனி, நகர்ந்தது பற்றி.

பிரதியைப் படித்த வெள்ளையம்மா சொன்னாள்: "எங்கப்பா அவளுக்கு இடம் விட்டு நகந்தாரு. நீ அத எழுதல."

சென்னம்மா சொன்னாள்: "எம்மேல பட்டுரப் போவுதுன்னு நகந்தாரு. நீ அத எழுதல."

"படியெறங்கி வந்து உங்களுக்குச் சமமா கீழ உக்காந்தாரே!"

"நான் படியேறிரக் கூடாதுன்னு எறங்கி வந்தாரு."

இரண்டு பேரும் என் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு சண்டை போட்டார்கள். நான் மூன்று அடி தூரத்தில் நின்று பார்த்தவள். அவர் நகர்ந்தார். எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பதுகூட எனக்கு நினைவு இருக்கிறது. ஏன் நகர்ந்தார் என்பது மட்டும்—

(இந்த வாக்கியத்தைப் பல தடவை முடித்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அப்படியே விடுகிறேன்.)

6

படித்த கதையையும் சொல்ல வேண்டும் அல்லவா? இரண்டு வருடமும் திருவிழா மாதிரி போயிற்று. நூலகத்தில் கிரேக்க அகராதி ஒன்றுதான். அதை மூவரும் முறை வைத்துத் தூக்கிப்போவோம். அம்மிக்கல் கனம். குளிக்கும்போதுகூட வினைத்திரிபுகளைக் கத்திக்கொண்டே குளிப்போம். விடுதியில் எங்கள் பக்கத்து அறைக்காரி வேறு மாடிக்கு மாறிக்கொண்டாள்.

கிரேக்கத்தில் ஒருமை, பன்மை தவிர இருவருக்கென்று தனி எண் உண்டு. இரண்டு கண், இரண்டு மாடு, இரண்டு சினேகிதி. "அப்ப மூணாவது வந்தா கும்பலா? இது சரோஜாவுக்குச் செஞ்ச மோசம்" என்றாள் சென்னம்மா.

ஒரு நாள் ஒரு வாக்கியம். கடற்கரை ஊர்க்காரர்கள், கப்பல் உடைந்து கரையேறிய ஒரு அந்நியனிடம் பேசுகிறார்கள். 'இந்த ஊரில்' என்று தொடங்கும் வரி. அடுத்த சொல்லைத் தமிழில் 'நாம்' என்று வைப்பதா, 'நாங்கள்' என்று வைப்பதா? கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். என் கன்னடத்திலும் ஒன்றுதான், அதனால் எனக்குப் பிரச்சினையே புரியவில்லை. சென்னம்மாவும் வெள்ளையம்மாவும் மட்டும் மாலை வரைக்கும் மல்லுக்கு நின்றார்கள்.

"'நாங்க'ன்னா அவன் வெளியாளு. 'நாம'ன்னா அவனும் உள்ள. எழுதுறவன் முடிவு பண்ணாம தமிழ்ல இந்த வரிய எழுதவே முடியாது" என்றாள் சென்னம்மா. அவள் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை வருணிக்க நாலு உவமை எழுதி நாலையும் அடித்துவிட்டேன். ஆசிரியப் பயிற்சியை விட்டதற்கு வருத்தம் உண்டா என்று அப்போதுதான் கேட்டேன். "மாசத்துக்கு ஒருக்கா உண்டு. எங்கப்பன பாக்கறப்போ" என்றாள். "இன்னிக்கி இல்ல."

விடுமுறைகளில் சொன்னபடி ஒன்றாகவே ஊருக்குப் போனோம். வெள்ளையம்மா தினமும் ஏரிக்கரைக்குப் போவாள், ஆஞ்சப்பன் வீட்டில் களி சாப்பிடுவாள். சென்னம்மா எல்லப்பன் வீட்டு முற்றம் வரை வருவாள். அதற்கு மேல் யாரும் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை.

7

இப்போது முடிவு. நேற்று ஆஞ்சப்பன் பெங்களூருக்கே வந்துவிட்டார், எல்லப்பன் சொல்லி அனுப்பினார் என்று. "பரிச்ச முடிஞ்சு வந்ததும் மூணு பேரும் வூட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுப் போவட்டும்னாரு."

"வூட்டுக்குன்னா? உள்ளியா, முத்தத்துலியா?" என்றாள் சென்னம்மா.

"அதெல்லாம் நான் கேக்கலம்மா." ஆஞ்சப்பன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"நீ கேளேன்" என்று நான் வெள்ளையம்மாவிடம் சொன்னேன். அவள் பெட்டியைத் திறந்து புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

வெள்ளையம்மா எழுதச் சொன்ன முடிவு: உள்கட்டில் மூன்று இலை ஒரே வரிசையில். அப்பா தன் கையாலேயே பரிமாறுகிறார்.

சென்னம்மா எழுதச் சொன்ன முடிவு: இரண்டு இலை உள்ளே, ஒன்று மாட்டுக்கொட்டகை ஓரம். அவள் எதுவும் பேசாமல் பஸ்ஸுக்கு நடக்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் எழுந்து எம் பின்னால வர்றீங்களா இல்லியான்னு நீயே எழுதிக்க."

நான் எழுதிய முடிவு: கெலமங்கலத்தில் பஸ் பழுதாகி நிற்கிறது. மூவரும் மரத்தடியில் உட்கார்ந்து வேப்பனப்பள்ளி மாங்காயைக் கடித்துக்கொண்டு—

"இது முடிவு இல்ல. தப்பிச்சி ஓடுறது" என்று சென்னம்மா தாளைக் கிழித்தாள். சரிதான்.

நாளைக் காலை முதல் பஸ். பெட்டி கட்டியாகிவிட்டது. வெள்ளையம்மா மூன்றாவது தடவையாகப் புடவை மாற்றுகிறாள். சென்னம்மா சத்தமாகப் பாடுகிறாள். நான் கட்டிய பெட்டியை மறுபடி அவிழ்த்துக் கட்டுகிறேன். பயமா சந்தோஷமா தெரியவில்லை, இரண்டும் இருக்கும்.

நாங்கள் போய்ச் சேரும்வரை கதை காத்திருக்காது. பத்திரிகைக்குத் தபாலில் போடும் நேரம் ஆகிவிட்டது. ஆகவே அந்த வீட்டை உங்களிடம் விடுகிறேன். சமையல் முடிந்துவிட்டது. வாசலில் மூன்று பெண்கள் நிற்கிறார்கள், கால் கழுவியாயிற்று. கழுவிய இலைகள் உங்கள் கையில் இருக்கின்றன, தண்ணீர் சொட்டுகிறது. போடுங்கள்.