பூ என்று நான் சொன்ன ஆணிகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஒரு குறள் வெண்பாவிலிருந்து வந்தது. அந்த வெண்பாவை இயற்றியவன் நான். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் நகர அருங்காட்சியகத்தார் அதைக் கருங்கல்லில் வெட்டி, பழைய கோட்டைக் கதவின் பூட்டை வைத்திருக்கும் பெட்டிக்குக் கீழே பதித்தார்கள்.

*திறந்தான் கதவைத் தெருவெல்லாம் தீய*
*இறந்தான் இறவாப் பழி.*

தளை தட்டவில்லை. எதுகையும் மோனையும் தாமாக வந்து அமர்ந்தன. இன்று எழுதினாலும் இதில் ஒரு சீரைக்கூட மாற்ற மாட்டேன். யாப்பில் குற்றமில்லை, குற்றம் யாப்புக்கு வெளியே இருந்தது. அது எங்கே இருந்தது என்று சொல்வதற்கே இந்தக் கதை.

2

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: "முற்றுகையின் நாற்பதாம் நாள், வடக்கு வாசலில் தனித்து நின்ற காவலன் தன் இடுப்பிலிருந்த சாவியை மெல்ல எடுத்து……"

[கைவிட்டேன். அவன் கையில் சாவியைக் கொடுத்தவுடனே என் பேனா பழைய வெண்பாவின் தடத்தில் ஓடத் தொடங்குகிறது. பழகிய மாடு தொழுவத்துக்கு ஓடுவதுபோல.]

இரண்டாம் தொடக்கம்: "எல்லாம் அறிந்த இறைவனே, இச்சிறு கதைக்கும் நீயே காப்பாக……"

[இதையும் கைவிட்டேன். எந்த நூலையும் கடவுள் வாழ்த்தில்லாமல் நான் தொடங்கியதில்லை. ஆனால் பதிகம் பாடிய பெரியவர்கள் தம் பிழையைத் தாமே எடுத்துச் சொன்ன பிறகுதான் காப்பு வேண்டினார்கள். நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.]

மூன்றாம் தொடக்கம்: "பூட்டு சிக்கிக்கொண்டது."

இதில் பொய்யில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

பூட்டு சிக்கிக்கொண்டது. கோட்டைப் பூட்டைச் சொல்லவில்லை. அதை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் சின்னப் பூட்டைச் சொல்கிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் கதை புரியும். பன்னிரண்டு தலைமுறைக்கு முன் இந்த நகரத்தை ஒரு படை முற்றுகையிட்டது. நாற்பதாம் நாள் வடக்கு வாசல் திறந்தது, நகரம் எரிந்தது. எஞ்சியது கதவின் ஒரு துண்டு. ஆள் உயரப் பலகை, அதன் நடுவில் இரும்புப் பூட்டு. பார்வையாளரை நோக்கிய பக்கத்தில் வெட்டோ கீறலோ கிடையாது. இரும்புப் பட்டை நெடுக நான்கு இதழ்ப் பூக்கள் மட்டும் வரிசையாக இருந்தன. வெளிப்பக்கத்தில் அடிபட்ட தடமே இல்லையென்றால் பகைவர் உடைத்து நுழையவில்லை. உள்ளே இருந்தவனே திறந்துவிட்டான். இதுதான் நகரத்தின் முடிவு. வெண்பாவின் முடிவும் அதுவே.

புதிய கையேட்டுக்கு மெய்ப்புப் பார்ப்பதற்காக அன்று காலை நான் அங்கே இருந்தேன். பெட்டியைத் துடைப்பதற்குக் காப்பாட்சியர் சாவியைத் திருகினார்; சாவி பாதியில் நின்றது. பூட்டு திறப்பவரை அழைத்துவர ஆள் அனுப்பினார். வந்தவர் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி. தோளில் துணிப்பை, அதற்குள் அரங்களும் கம்பிகளும்.

"அக்கா, இதத் திறக்க எவ்வளவு நேரமாகும்?" என்றார் காப்பாட்சியர்.

"திறக்கறதுக்குன்னே பேர் வாங்கின வீடு சார் எங்க வீடு. ரெண்டு நிமிஷம் போதும்."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். காப்பாட்சியர் என் காதருகே குனிந்து, "திறந்தான் வீட்டுக்காரங்க ஐயா" என்றார்.

(அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரையாக இரும்பு வேலை. 'எங்க பாட்டன்தான் வடக்கு வாசல் காத்தவர்' என்று ஒரு காலத்தில் அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வெண்பா பள்ளிப் பாடமான பிறகு அந்தப் பெருமையே அவர்களுக்கு வினையாயிற்று. ஊர் அவர்களுக்குப் புதுப்பெயர் வைத்தது. எங்கிருந்து எடுத்தது? என் முதற்சீரிலிருந்து.)

இரண்டு நிமிடம் ஆகவில்லை, பூட்டு திறந்தது. கூலியை வாங்கிக்கொண்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. பலகையிலிருந்த ஓர் இரும்புப் பூவின்மேல் விரலை வைத்தார்.

"ஐயா, இது எந்தப் பக்கம்?"

"வெளிப்பக்கம் அம்மா. பூவேலை தெரியுது பாருங்க. வர்றவங்க கண்ணுல படற பக்கத்துலதானே அலங்காரம் பண்ணுவாங்க."

"பூவா?"

"நாலு இதழ்ப் பூ."

"ஐயா தப்பா நினைக்கக்கூடாது. உங்க வீட்டுக் கதவுல என்னிக்காவது ஆணி அடிச்சிருக்கீங்களா?"

"இல்லை."

"அது தெரியுது."

4

இந்த இடத்தில் வாசகர் என் முகத்தைப் பார்க்க வேண்டாம், பலகையைப் பாருங்கள்.

"இது பூ இல்லீங்க, ஆணி முனை. பெரிய கதவுன்னா ஆணிய வெளியிலேர்ந்து அடிப்போம். தலை வெளிய நிக்கும், முனை உள்ள எட்டிப் பாக்கும். எட்டிப் பாத்த முனைய மடக்கி மரத்தோட சேத்து அடிச்சிடுவோம். அப்பதான் வெளிய நிக்கிறவன் பிடுங்க முடியாது. இங்க நாலு நாலு ஆணியா அடிச்சு, நாலு முனையையும் நாலு திசைக்கு மடக்கியிருக்காங்க. மடக்கின பக்கத்த எதிரிக்குக் காட்டுனா அவன் நிமித்திப் பிடுங்கிட்டுப் போயிடுவான். அவ்வளவு மடையனா எங்க பாட்டன்?"

காப்பாட்சியர் என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பலகை முன்பு மறுபக்கமாகத்தான் மாட்டப்பட்டிருந்தது. 'பூக்கள் சுவரைப் பார்க்கலாமா?' என்று சொல்லி அதைத் திருப்பி மாட்டச் செய்தவன் நான். திருப்பிய பிறகுதான் பாட்டெழுத உட்கார்ந்தேன். முன்பு தெரிந்த பக்கத்தில் ஏதோ சிதைவு இருந்ததாக நினைவு. கரையான் என்று நினைத்தேன்.

தச்சன் இந்தப் பிழையைச் செய்ய மாட்டான். கொல்லனும் செய்ய மாட்டான். போர்த்திணை ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ உண்டு என்று நாற்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன்தான் செய்வான். வெட்சி, வஞ்சி, உழிஞை, நொச்சி, தும்பை. கண்ணை மூடினால் பூ, திறந்தால் பூ. இரும்பைக் காட்டினாலும் பூ.

ஊழியர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு நால்வராகப் பலகையைத் திருப்பினோம். காப்பாட்சியர் ஈரத்துணியால் தூசியைத் துடைத்தார்.

கோடரி வெட்டுகள். எண்ணினேன், பதினேழு. அவற்றில் இரண்டு, இரும்புப் பட்டையையே பிளந்திருந்தன. அந்தக் கதவு நெடுநேரம் அடி வாங்கியிருக்கிறது. நெடுநேரம் தாங்கியுமிருக்கிறது.

5

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். பழி நீங்கியது, பாட்டன் மீண்டார், புலவன் நாணினான். அப்படி ஒரு பத்தியை எழுதியும் பார்த்தேன்: "காலத்தின் தூசிக்கு அடியிலிருந்து உண்மை என்னும் சுடர்……" [போதும்.]

நடந்தது வேறு. பூட்டுக்காரப் பெண்மணி பூட்டின் ஓரத்தில் கைவிளக்கைப் பிடித்து, நெடுநேரம் உள்ளே பார்த்தார்.

"ஐயா, இதையும் எழுதிக்கோங்க. தாழோட நாக்கு பூட்டுக்குள்ள இழுத்துப் போயிருக்கு. பூட்டு உடையல. இவ்வளவு அடி வாங்கின பிறகு, கடைசியில யாரோ உள்ளேர்ந்து சாவி போட்டுத்தான் தொறந்திருக்காங்க."

காப்பாட்சியர் தயங்கினார். "அக்கா, இத நீங்க சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே."

6

இந்த வரி வரைக்கும் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். என் நூல்களின் முதல் வாசகரும் கடைசித் தணிக்கையாளரும் அவர்தான்.

"இவ்வளவு நல்லவங்களா யாரும் இருக்க மாட்டாங்க" என்றார். "அந்த அம்மா உங்கள ஒரு வார்த்த திட்டலையா?"

"திட்டினாங்க."

"எங்க அது?"

"எழுதல."

"ஏன், உங்களத் திட்டினா மட்டும் யாப்புல இடமில்லையா?"

ஆகவே, விட்டதை இங்கே சேர்க்கிறேன். அருங்காட்சியகப் படியில் இறங்கும்போது அந்தப் பெண்மணி சொன்னது இது:

"நாலாம் வகுப்புல எம் பொண்ணு உங்க பாட்ட அட்சரம் பிசகாம ஒப்பிச்சா. டீச்சர் கைதட்டினாங்களாம். வீட்டுக்கு வந்து, 'ஏம்மா, திறந்தான்னு நம்மளையா சொல்றாங்க'ன்னு கேட்டா. அன்னிக்கி உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன் ஐயா. உள்ள நீங்க ஏதோ சாமி பாட்டுப் பாடிக்கிட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்."

 அவர் அதோடு நிறுத்தவில்லை.

"சிக்கின பூட்டத் திறக்கணும்னா என்னக் கூப்பிடறாங்க. அலமாரிக்குக் கூப்பிடறாங்க. ஆனா வீட்டுச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போட இந்தத் தெருவுல ஒருத்தர் வந்ததில்ல. திறந்தான் வீட்டுல சாவியக் குடுக்கறதாவதுன்னு அடுத்த தெருவுக்குப் போறாங்க. நீங்களுந்தான் போறீங்க. நான் பாத்திருக்கேன். அடுத்த மாசக் கடைசியோட கடைய மூடிட்டு எங்க அண்ணன் ஊருக்குப் போகலாம்னு இருக்கேன்."

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க அம்மா."

"எங்க பாட்டன் நல்லவர்னு பாட வேணாம். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததக் கல்லுல வெட்டாதீங்க. அவ்வளவுதான்."

7

மாற்று முடிவுகள். அந்தக் காவலன் ஏன் திறந்தான்?

அவன் அஞ்சினான். பதினேழு வெட்டு வரைக்கும் தாங்கியவன் பதினெட்டாவதற்கு நடுங்கினான். உயிர்ப்பிச்சை கேட்டுச் சாவியைத் திருப்பினான். இது நடந்திருக்கக்கூடும். என் வெண்பா இதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பதினேழைச் சொல்லாமல் சொல்கிறது.

அல்லது, தெருக்கள் முன்பே எரிந்துகொண்டிருந்தன. நெருப்பம்புகள் கூரையில் விழுந்தன. வடக்கு வாசல் ஒன்றே வழி. முன்னால் கோடரி, பின்னால் கைக்குழந்தைகளோடு ஒரு நகரம். வெந்து சாவதா, வெளியே ஓடிச் சிலராவது பிழைப்பதா? அவன் சாவியைத் திருப்பினான். 'தெருவெல்லாம் தீய' என்று எழுதிய எனக்கு எது முன், எது பின் என்று கேட்கத் தோன்றவில்லை.

அல்லது, அவன் அப்போதே செத்துக்கிடந்தான். வேறொருவன் வந்து அவன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தான். அந்த வேறொருவனின் வழியினர் இன்று இந்த நகரத்தில் நல்ல பெயரோடு வாழ்கிறார்கள். அவர்கள் யார்? நீங்களாக இருக்கலாம். நானாகவும் இருக்கலாம்.

மதில் காப்பவனுக்கு நம் முன்னோர் நொச்சிப் பூவைச் சூட்டினார்கள். அன்று நான் இரும்பில் கண்டது ஒருவேளை அந்தப் பூவே…… [இந்த வாக்கியம் மிக அழகாக வரும். பூவினால் ஒருமுறை கெட்டவன் நான். கைவிடுகிறேன்.]

8

அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினேன். அதில் செய்யுள் இல்லை. நான்கே உரைநடை வரிகள். கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். பலகை இப்போது கூடத்தின் நடுவில் நிற்கிறது. சுற்றி வந்து இரண்டு பக்கமும் பார்க்கலாம். புதிய கையேட்டில் வெட்டுகளின் எண்ணிக்கையும் தாழின் நிலையும் மட்டும் இருக்கின்றன. பள்ளிப் பாடத்திலிருந்து நீக்குவதற்கும் எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார்கள். கல்லிலிருந்து எடுப்பது எளிது. இருபத்திரண்டு ஆண்டுகள் நாவில் ஏறியதை எந்த உளியால் எடுப்பது? நல்ல வெண்பா எளிதில் மறக்காது. அதற்காகத்தானே அப்படிக் கட்டினேன்.

இன்று காலை பூசையை முடித்துக்கொண்டு எங்கள் வாசற்கதவுச் சாவியை எடுத்தேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் மனைவி.

"டூப்ளிகேட் போட."

"இருக்கறதையே மூணு தடவ தொலைச்சாச்சு. இன்னொண்ணு எதுக்கு, நாலாவது தடவைக்கா?"

"அந்த அம்மா கடைக்குப் போறேன்."

அவர் எழுந்து வந்தார். பிறகு தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கொல்லைக் கதவுச் சாவியையும் என் கையில் வைத்தார்.

கதவகலமே உள்ள கடை. அச்சகத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவில் செருகியதுபோல் இருக்கிறது. சுவரில் பல் வெட்டாத சாவிகள் வரிசையாகத் தொங்கின. பாதிக்கு மேல் தூசி படிந்திருந்தது. மூலையில், ஊருக்குக் கொண்டுபோகக் கயிறு கட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. நான் சாவிகளை மேசையில் வைத்தேன். அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சாவிகளைப் பார்த்தார்.

"வீட்டுச் சாவியா?"

"வாசலும் கொல்லையும்."

"யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா ஐயா? நான் திறந்தான் வீடு."

"அந்தப் பேர் வெச்சவனோட வீட்டுச் சாவிதான் அம்மா இது."

அவர் சிரிக்கவில்லை. ஒரு சாவியைப் பிடியில் இறுக்கி, அரத்தை எடுத்தார். இரும்புத் தூள் மேசையில் உதிர்ந்தது. கால் மணி நேரம் அரம் ஓடியது. கடைசியில் புதுச் சாவிகளை ஊதித் துடைத்து நீட்டினார்.

"வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்க. சரியா விழலைன்னா கொண்டாங்க. மாசக் கடைசி வரைக்கும் இருப்பேன்."

9

இரண்டும் சரியாகவே விழுந்தன.

காவலன் ஏன் திறந்தான் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அறியாததை ஒருமுறை சொன்னவன், மறுமுறை சொல்லாதிருக்கும் உரிமையைச் சம்பாதித்திருக்கிறேன். நீங்களும் சொல்ல வேண்டாம். பலகையைச் சுற்றி வாருங்கள், எண்ணிப் பாருங்கள், போதும்.

ஆனால் இந்தக் கதைக்கு வேறொரு முடிவு இருக்கிறது. அதை நான் எழுத முடியாது. இன்று தேதி பதினொன்று. கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது. அச்சகத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவில். அட்டைப்பெட்டிகளின் கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

வாசகரே, உங்கள் வீட்டுச் சாவி இப்போது எங்கே இருக்கிறது?