இஸ்திரி போட்ட இலைகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாரிஸில் பாதிச் சனம் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், தர்மிளா பழுத்த இலை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கிழமையில் ஆறு நாளும் பிரெசிங் கடையில் நின்று ஊராரின் சட்டைகளைத் தேய்ப்பது போதாதென்று, ஏழாம் நாள் மரத்திலிருந்து விழுந்ததையும் தேய்க்க வேண்டும் என்று அவள் தலையில் எழுதியிருக்கிறது போலும். இலைகளை முதலில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவியாகிவிட்டது. லா ஷப்பல் மெட்ரோப் பாலத்துக்குக் கீழே பொறுக்கியவை. அவற்றின் மேல் எத்தனை நாய் காலைத் தூக்கியதோ யார் கண்டது. பிறகு துவாயில் ஒற்றி, ரூ காய் தெரு மளிகைக்கடை வாசலில் சும்மா எடுக்கக்கூடிய தமிழ்ப் பத்திரிகைத் தாளுக்கு நடுவே வைத்து, பட்டுத்துணிக்கு வைக்கும் சூட்டில் மெல்ல அழுத்தினாள். நீராவி கூடாது. முதலில் வைத்த இலைகள் கறுத்துச் சுருண்டதில் அதைத் தெரிந்துகொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவளுடைய மகள் அபிஷனா முழங்கையை ஊன்றியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது. வீட்டில் வாய் மூடாத பிள்ளை. இந்த இலை அம்மா இலை, அது அப்பா இலை, அது வேலைக்குப் போட்டுது, இது காய்ச்சல் வந்து சிவந்துபோட்டுது என்று தன்பாட்டில் கதை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, நான் கம் பூசட்டே?"

"நீ குழப்பிப்போடுவாய் குஞ்சு. அம்மா செய்து தாறன். நீ பார்த்துக்கொண்டிரு."

அபி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பழகிப்போன வேலை.

பள்ளிக்கூடத்தில் இலையுதிர்காலம் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். பாலர் வகுப்பு ஆசிரியை, மெத்ரெஸ் மரியான், ஒவ்வொரு கிழமையும் வீட்டில் பிள்ளையோடு சேர்ந்து ஏதாவது செய்து வரச் சொல்வாள். முதலில் பூங்காவில் விழும் காட்டுக் கஷ்கொட்டைகளில் பற்குத்திகளைக் குத்தி ஒரு மிருகம். தர்மிளா வேலையிடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து ஒரு மான் செய்தாள். கொம்பில் கிளை கூட இருந்தது. வகுப்பு யன்னலோரம் அதை வைத்தபோது பக்கத்தில் இருந்த மற்றப் பிள்ளைகளின் மிருகங்களைப் பார்த்தாள். கால் கோணி, தலை கழன்று, எது நாய் எது பன்றி என்று செய்தவர்களுக்கே தெரியாது. தாய்மார் என்று ஒருவரும் இல்லையா இந்தப் பிள்ளைகளுக்கு என்று நினைத்துக்கொண்டாள். இந்தக் கிழமை இலைகளை ஒட்டி ஒரு முள்ளெலி. அவள் முள்ளெலியை வாழ்நாளில் கண்டதில்லை. ஊரில் முள்ளம்பன்றி உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதைக் கொஞ்சம் சுருக்கினால் சரிவரும் என்று முடிவு செய்தாள். இலைகளைச் சின்னதிலிருந்து பெரிது வரை தரம் பிரித்து, நுனி எல்லாம் ஒரே பக்கம் சாய, வரிசை வரிசையாக ஒட்டினாள்.

குசினிக்குத் தண்ணீர் குடிக்க வந்த கணவன் பிரசாந்தன் நின்று பார்த்தான். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு உணவகத்தில் சமையல் வேலை அவனுக்கு. பின்னேர வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றான்.

"என்னப்பா, இலையையும் மினுக்குறியோ?"

"மினுக்காட்டி மடிஞ்சு நிக்குது."

"பிள்ளையைச் செய்யச் சொல்லித்தானே மெத்ரெஸ் சொன்னவ?"

"பிள்ளை செய்தா எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். பிறகு அதையும் சேர்த்து எழுதுவினம்."

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். எதைச் சேர்த்து யார் எழுதுவார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

செப்டெம்பரில் ஒரு நாள் மரியான் தர்மிளாவை மறித்து, மெதுவாக, சொல் சொல்லாகப் பிரித்துப் பேசினாள். தர்மிளாவின் பிரெஞ்சு அறிவு கழுத்துப்பட்டி, பொத்தான், வைன் கறை, வியாழக்கிழமை தயாராகும் என்பதோடு முடிந்துவிடும். ஆனாலும் விளங்கியது. அபி போன வருடம் முழுக்க வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை. இந்த வருடமும் இல்லை. கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. மதியச் சாப்பாட்டில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கையை மடியில் போட்டபடி காத்திருக்கிறாள். வீட்டில் யார் சாப்பாடு தீத்துவது, யார் சப்பாத்துப் போட்டுவிடுவது என்று மரியான் கேட்டாள். "நான்தான்," என்றாள் தர்மிளா. பெருமையாகத்தான் சொன்னாள். சோற்றைக் குழைத்துத் தன் கையால் தீத்தாமல் நாலு வயதுப் பிள்ளையின் கையில் முள்ளுக்கரண்டியைக் கொடுத்துவிட்டுப் போவது என்ன தாய்மை? மரியானின் முகத்தைப் பார்த்தபோதுதான் பதில் தப்பாகப் போய்விட்டது என்று தெரிந்தது. விடுமுறைக்குப் பிறகு பாடசாலையின் உளவியலாளர் பிள்ளையைப் பார்ப்பார் என்றாள் மரியான்.

அன்றைக்கு வேலையில் பக்கத்தில் நின்று தேய்க்கும் வள்ளிநாயகியிடம் இதைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அவை ஒருக்காப் பார்த்தா விடமாட்டினம் பிள்ளை. எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களின்ரை பிள்ளையை அப்பிடித்தான் பார்த்து, வேறை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப்போட்டினம். விளங்காத பிள்ளையள் படிக்கிற இடத்துக்கு."

அது உண்மையோ பொய்யோ, தர்மிளாவின் வயிற்றில் அன்று விழுந்த கல் பிறகு நகரவேயில்லை. அபிக்கு எல்லாம் விளங்கும். இரண்டு மொழியும் விளங்கும். அதை அவர்களுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை வாயைத் திறக்கும் வரைக்கும் பிள்ளையின் கைவேலையாவது பேசட்டும் என்று அவள் இராப்பகலாக யோசித்துக் கண்டுபிடித்த வழி இது. பிழையான வழி என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல இருட்டிலேயே எழும்பினார்கள். ஒற்றை அறை வீடு. உணவகம் பூட்டி, துடைத்து, கடைசி ரயில் பிடித்து வந்து படுத்த பிரசாந்தன் மூலைக் கட்டிலில் கிடப்பான். அதனால் தாயும் மகளும் காலை முழுக்கக் குசுகுசுவென்றே பேசிக்கொள்வார்கள். சப்பாத்து நிலத்தில் தட்டினால், கோப்பை கிணுங்கினால், தர்மிளா விரலை உதட்டில் வைப்பாள். "சத்தம் போடாதேங்கோ. அப்பா நித்திரை." அபி பிறந்து கேட்ட சொற்களில் அதைத்தான் அதிகம் கேட்டிருப்பாள்.

பள்ளியில் மரியான் முள்ளெலியைக் கையில் வாங்கி நிறைய நேரம் பார்த்தாள். பிறகு அபியின் கைகளைப் பார்த்தாள். மிகவும் அழகாக இருக்கிறது என்றாள். வெள்ளிக்கிழமை காலை பெற்றோர் வகுப்புக்கு வர வேண்டும், எல்லோரும் இங்கேயே உட்கார்ந்து இலைக் கிரீடம் செய்வோம் என்றும் சொன்னாள். "நீங்கள் கட்டாயம் வாருங்கள், மதாம்," என்றபோது அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தர்மிளாவைப் பயப்படுத்தியது.

பிரெசிங் முதலாளி யோகநாதன் தலையைச் சொறிந்தார்.

"வெள்ளிக்கிழமையோ? சனி கலியாண வீட்டுக்குப் போற சாறி, கோட்டு எல்லாம் வந்து குமியிற நாள் பிள்ளை."

"விடியப்புறம் வந்து முடிச்சுத் தாறன் அண்ணை. இந்தக் கிழமை முழுக்க வாறன்."

"திறப்பை எடுத்துக்கொண்டு போ," என்று கடைச் சாவியை நீட்டினார். "லைட்டை நூத்துப்போட்டுப் போ."

அந்தக் கிழமை அவள் எப்படி நடந்தாள், எப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. விடியப்புறம் கடையில் தேய்த்து, ஓடிவந்து பிள்ளையை எழுப்பி, பள்ளியில் விட்டு, திரும்ப ஓடிப்போய்த் தேய்த்தாள். கண்ணை மூடினால் வெள்ளைச் சட்டைக் கைகள் அசைந்தன.

வெள்ளிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளையே பெற்றோருக்கும் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் முழங்கால் நாடியில் இடித்தது. தர்மிளாவுக்குக் கிடைத்த இடம் வெப்பமூட்டிக்குப் பக்கத்தில். இருந்த ஒரே நல்ல கறுப்புக் கம்பளிக் கோட்டைக் கழற்றவும் தோன்றாமல் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் ஒரு மட்டைப் பட்டி, ஒரு கிண்ணத்தில் பசை, ஒரு தூரிகை, நடுவில் இலைக் குவியல். மரியான் கையைத் தட்டி, இன்று பெரியவர்களின் கைகளுக்கு விடுமுறை, எல்லோரும் கைகளை மடியில் வையுங்கள், பிள்ளைகள் மட்டும்தான் செய்வார்கள் என்றாள். பெற்றோர் சிரித்தார்கள். தர்மிளா சிரிக்கவில்லை. பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்தாள்.

மற்றப் பிள்ளைகள் பசைக்குள் விழுந்து எழும்பாத குறை. அபி மட்டும் கையை மடியில் வைத்தபடி தாயைப் பார்த்தாள். தாயும் கையை மடியில் வைத்தபடி மகளைப் பார்த்தாள். கோயிலில் பூசைக்கு உட்கார்ந்தவர்கள் போல இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

"எடு குஞ்சு," என்று வாய்க்குள் சொன்னாள் தர்மிளா. "அந்தச் சிவப்பை எடு. கம்மைத் தொட்டு ஒட்டு."

அபி அசையவில்லை. மேசைகளுக்கிடையே நடந்துவந்த மரியான் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். தர்மிளா நினைத்தால் ஐந்து நிமிடத்தில் இந்த வகுப்பில் இல்லாத கிரீடம் செய்துவிடுவாள். அது அல்ல இங்கே கேட்பது என்று முதன்முறையாக விளங்கியது. விளங்கியதும் உடம்பில் மிச்சமிருந்த தெம்பும் போய்விட்டது. முதுகில் வெப்பமூட்டி இதமாகச் சுட்டது. பிள்ளை தோற்பதைப் பார்க்க முடியாமல் கண்ணை ஒரு நொடி மூடினாள்.

விழித்தபோது ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் போய்விட்டார்கள் என்று திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஒருவரும் போகவில்லை. கிரீடம் வைத்த பிள்ளைகள் நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு சுருட்டைமுடிச் சிறுமி அவளைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். பெற்றோர்கூடக் குசுகுசுத்துத்தான் பேசினார்கள். அபியின் மட்டைப் பட்டி வெறுமையாகவே கிடந்தது. ஆனால் தர்மிளாவின் கோட்டில், தோளிலிருந்து மணிக்கட்டு வரை, இலைகள். கோணலாக, தலைகீழாக, ஒன்றின் மேல் ஒன்றாக, பசை வழிய வழிய ஒட்டப்பட்ட இலைகள். குளிருக்குப் போர்த்திவிட்டது போல. அபி முகம் முழுக்கப் பசையோடு தூரிகையைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கம்பளியில் பசை காய்ந்தால் போகாதே என்பதுதான் முதலில் வந்த நினைப்பு. அடுத்தது வெட்கம். "பார்தோன், மதாம், பார்தோன்," என்று மன்னிப்புக் கேட்டபடி எழும்பப் பார்த்தாள்.

மரியான் அவள் தோளில் கை வைத்து உட்கார்த்திவிட்டு, பக்கத்தில் குந்தினாள். அவள் பேசினாள், என்றாள். அபிஷனா பேசினாள். நாங்கள் சத்தம் போட்டபோது எழுந்து நின்று எங்கள் எல்லோருக்கும் சொன்னாள். பிறகு அந்தச் சொற்களை மரியான் பல்லுக்கிடையில் உருட்டி உருட்டி எடுத்தாள்.

"சத்தம் பொதாதேங்கோ. அம்மா நித்ரெ."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். தர்மிளா தன் கைவசமிருந்த பிரெஞ்சைத் தேடித் தேடிச் சொன்னாள். சத்தம், வேண்டாம். அம்மா, தூக்கம். மரியான் தலையாட்டினாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது என்றாள். விடுமுறைக்குப் பிறகு அந்தச் சந்திப்பு இருக்கிறது, நீங்கள் வர வேண்டும், இதையும் உளவியலாளரிடம் சொல்வேன் என்றும் சொன்னாள். வயிற்றில் விழுந்த கல் அப்படியே கிடந்தது. கொஞ்சம் புரண்டது போலவும் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குத் தர்மிளா அபியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் கூடவே அழுகையும் வந்தது. பிள்ளை முதன்முறையாகப் பேசியது வகுப்புக்கே கேட்டது, பிறத்தியார் எல்லோருக்கும் கேட்டது. பெற்றவள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறாள். மெட்ரோப் பாலத்தருகே மரத்தடி வாங்கில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் கையசைத்ததில் கோட்டிலிருந்து ஒரு இலை கழன்று விழுந்தது. அபி அதை எடுத்துத் திரும்பவும் ஒட்டிப் பார்த்தாள்.

"குஞ்சு, வகுப்பிலை நீ என்ன சொன்னனீ?"

அபி தோளைக் குலுக்கினாள்.

"அம்மாக்கும் ஒருக்காச் சொல்லன்."

"அது அம்மா நித்திரை எண்டுதானே சொன்னனான்," என்றாள் அபி, இது கூடத் தெரியாதா என்பது போல. "இப்ப நீங்கள் முழிப்புத்தானே."

தர்மிளா அவளைப் பார்த்தாள். கடைக்குத் திரும்பிப் போக நேரம் கிட்டிக்கொண்டிருந்தது. யோகநாதன் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். வாங்கில் நன்றாகச் சாய்ந்து, தலையை ஒரு பக்கம் சரித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரோ கைத்தொலைபேசியில் தமிழில் சண்டை பிடித்துக்கொண்டு கடந்துபோனார்கள். சின்னச் சப்பாத்துகள் சருகுகளை மிதித்து அங்கும் இங்கும் போயின, திரும்பி வந்தன. ஈரமான, குளிர்ந்த ஒரு இலை அவள் புறங்கையில் வைக்கப்பட்டது. அதை ஒரு குட்டி உள்ளங்கை கவனமாகத் தேய்த்து மடிப்பெடுத்தது. பிறகு இன்னொன்று. முகத்துக்குக் கிட்ட ஒரு மூச்சு வந்து, உண்மையாகவே தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டுப் போனது. தூரத்தில் பாலம் அதிரத் தொடங்கியது. மெட்ரோ வந்துகொண்டிருந்தது. அபி எழும்பி நிற்பதும், நெஞ்சு நிறையக் காற்றை இழுப்பதும் கேட்டது. தர்மிளா கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.